நூற்றுக்கு இரண்டு

ஈரல் வாளியில்தான் வரும். மாற்று அறுவை நடக்கிற நாளில், நோயாளியின் வயிற்றிலிருந்து எடுத்த பழைய ஈரலைப் பனிக்கட்டி நிரப்பிய வாளியில் போட்டு மூடி, மேலே ஓர் எண்ணை ஒட்டி, மூன்றாம் மாடி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அதை வாங்கி, கத்திரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கி, சல்லடையில் தேய்த்துக் கூழாக்கி, அந்தக் கூழிலிருந்து வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்தெடுத்துச் சாயம் ஏற்றுவது ஒருத்தியின் வேலை. பதினாறு வருஷமாக அதே வேலை. ஆய்வகத்தில் அவளைச் சாயக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கண்ணுக்குத் தப்பி ஓர் அணுகூட ஓட முடியாது என்று ஆய்வகத்தின் தலைவர், எல்லோரும் பெரியவர் என்று சொல்கிற மனுஷர், வெளியாட்கள் வந்தால் பெருமையடித்துக்கொள்வார். அவளும் காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நானூறு ஈரலைக் கூழாக்கிய கை அது. நறுக்கி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு போய்ச் சாவகாசமாகச் சாப்பிட உட்காருகிற பிறவி. அப்பேர்ப்பட்டவள், உங்கள் ஈரலில் பாதியைக் கொடுங்கள் என்று ஒரு டாக்டர் சொன்னதும் இரண்டு கையாலும் தன் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் கேட்டது அவள் தம்பிக்காக. ஏழு வயது இளையவன், லிஃப்ட் மெக்கானிக். பதினைந்து மாடிக்கு மேலே இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கி வேலை செய்கிறவன். சாராயம் என்றால் வாசனைகூடத் தெரியாது. இருந்தும் ஈரல் நோய் என்றதும் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அவன் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார்கள். போய் விளக்கம் சொல்லிக்கொண்டா இருக்க முடியும்? இது குடித்து வருகிற நோய் இல்லை. உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே ஈரலுக்குள் புகுந்து, உள்ளே இருக்கும் சின்னச் சின்னப் பித்தக் குழாய்களைக் குதறிப் போடுகிற நோய். ஏன் புகுகின்றன என்று கேட்டால் உலகத்தில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. எப்படிப் புகுகின்றன என்பது மட்டும் தெரியும். சாயக்காரிக்கு அது மனப்பாடம்.

சில வெள்ளை அணுக்களின் மேல்தோலில் ஓர் ஏற்பி முளைத்திருக்கும். மூக்கு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புண்ணாகிப்போன ஈரல் ஒரு ரசாயனத்தைக் கசியவிடும். அந்த மூக்கு இருக்கிற அணுவுக்கு மட்டும் அந்த வாசனை பிடிபடும். ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கிற அணு சட்டென்று நின்று, குழாய்ச் சுவரில் ஒட்டி, சந்து பார்த்து ஈரலுக்குள் நுழைந்துவிடும். நுழைந்தது கடிக்கும். கடித்த இடம் இன்னும் கொஞ்சம் கசியும். இன்னும் பத்து அணு வரும். இதற்கு முடிவே கிடையாது. ஈரல் கல்லாகிற வரை நடக்கும்.

அந்த மூக்கை அடைக்க ஒரு மருந்து வந்திருந்தது. மாசம் ஓர் ஊசி. மருந்து போய் ஏற்பியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அணு வாசனை தெரியாமல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவள் ஆய்வகமும் கீழே இருக்கும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து அதைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதி நோயாளிகளுக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, ஒரு வருஷம் ஆனபிறகு, எழுதி ஒட்டி வைத்த உறையைப் பிரித்தால்தான் தெரியும். தம்பி அதில் பேர் கொடுத்திருந்தான். சொந்தக்காரர் யாராவது சோதனையில் இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று ஆய்வகத்தில் ஒரு படிவம் உண்டு. சாயக்காரி அதில் 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுக் கொடுத்தாள். 'ஆமாம்' என்றால் அவன் ரத்தம் வேறு ஆட்கள் கைக்குப் போகும், அவர்கள் பாழாக்கிவிடுவார்கள் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாவது ஊசி போட்ட வாரத்தில் ஈரல் டாக்டர் அக்காவையும் தம்பியையும் அம்மாவையும் உட்கார வைத்துப் பேசினார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். ஸ்கேன் படம் பார்த்ததில் ஈரல் நினைத்ததைவிட வேகமாகக் கெட்டுக்கொண்டிருக்கிறது என்றார். இந்த நோயில் எப்போது வேண்டுமானாலும் பித்தக் குழாயில் புற்று வைக்கலாம், வைத்துவிட்டால் மாற்று அறுவை கனவிலும் கிடையாது, அதனால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே செய்துவிடலாம் என்றார். வழி இரண்டு. அக்காவின் ஈரல் பொருந்துகிறது, அவள் சம்மதித்தால் ஆறு வாரத்தில் முடித்துவிடலாம். இல்லாவிட்டால் இறந்தவர்களின் ஈரலுக்கான காத்திருப்புப் பட்டியலில் இன்றைக்கே பேர் போட வேண்டும். ஆறேழு மாசத்தில் முறை வரலாம். எதைச் செய்தாலும் ஊசியை நிறுத்த வேண்டும், சோதனையிலிருந்து விலக வேண்டும். ஊசி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பொறுத்துப் பார்க்கலாம்தான், ஆனால் அது தெரிய வழியில்லையே என்று கையை விரித்தார்.

வீட்டுப் படியேறும்போது அம்மா, "உனக்கு விருப்பம்னா செய்மா, நான் கட்டாயப்படுத்த மாட்டேன்" என்றாள். இதைவிடப் பெரிய கட்டாயம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். தம்பி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அக்காவிடம் கேட்பதற்கு அவனுக்குக் கூச்சம்.

சாயக்காரிக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு ஓரிருவர் மேஜையிலேயே போய்விடுவதுண்டு என்று அவளுக்குத் தெரியும். தெரியாதவளாக இருந்தால் தைரியமாகப் படுத்திருப்பாளோ என்னவோ. அவளுக்கோ ஈரலின் எடை தெரியும், வழுவழுப்புத் தெரியும், கத்தி எந்த இடத்தில் எப்படி இறங்கும், எங்கே ரத்தம் பீறிடும் என்பது வரைக்கும் தெரியும். கண்ணை மூடினால் வாளி வந்தது. வாளிக்குள் இருப்பது தன்னுடையது என்று தோன்றியது. தம்பி மேல் பாசம் இல்லாமல் இல்லை. அவனுக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுவிட்டு ஓடுகிறவள்தான். ஆனால் பயம் பாசத்தை ஓர் ஓரமாகத் தள்ளி உட்கார வைத்துவிட்டது. மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பெற்ற தாய் முன்னால் கூடப்பிறந்தவனுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை காலை ரத்தம் கொடுக்க வருகிற நோயாளி தம்பி ஒருவன்தான். ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயில் பேர் இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். ஆனால் அவளே அவனைக் கூட்டிக்கொண்டு போய் ரத்தம் எடுக்க உட்கார வைத்துவிட்டு, அவளே மாடி ஏறி வந்து, அரைமணி கழித்து வருகிற சூடு ஆறாத குழாயை அவளே கையில் வாங்கினால், எண்ணாவது மண்ணாவது. அன்றைக்கும் வாங்கினாள். ஏற்பியைக் காட்டுகிற பச்சைச் சாயத்தை ஊற்றினாள், கழுவினாள், கருவியில் ஓட்டினாள்.

முதல் ஊசிக்கு முன்னால் அவன் ரத்தத்தில் நூறு வெள்ளை அணுவில் பதினான்கு பச்சையாக ஒளிர்ந்தன. போன மாசம் ஒன்பது. இப்போது இரண்டு.

அவளுக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்தது. மருந்து ஏற்பியின் மேல் உட்கார்ந்துகொண்டால் சாயத்துக்கு ஒட்ட இடம் இருக்காது. அணு இருந்தும் பச்சை தெரியாது. அப்படியானால் தம்பி உடம்பில் ஓடுவது நிஜ மருந்து. மூக்கு அடைபட்டுவிட்டது. ஈரல் தப்பித்தது. கத்தி வேண்டாம், யாருக்கும் வேண்டாம்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது, அது அவளுக்கும் தெரிந்தது. மருந்து மறைத்தால் மட்டும்தான் ரத்தத்தில் பச்சை குறையும் என்பதில்லை. அந்த அணுக்கள் எல்லாம் ரத்தத்தை விட்டுவிட்டுக் கூட்டமாக ஈரலுக்குள் போய்விட்டாலும் குறையும். நோய் தணிந்தாலும் இரண்டு, நோய் தலைக்கு மேல் போனாலும் இரண்டு. போதாததற்கு, மருந்து ஏறுகிறது என்று ஆய்வகத்தில் எல்லோரும் சந்தேகப்பட்ட நோயாளிகளுக்கு எண்ணிக்கை சுத்தமாகப் பூஜ்யத்தில் நின்றது. தம்பிக்கு மட்டும் இரண்டு. வாட்டசாட்டமான உடம்பு, மருந்து பரவ நேரம் எடுக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

எது நிஜம் என்று பார்க்க வழி இருந்தது. குளிர்பெட்டியின் மேல்தட்டில் சிவப்பு மூடி போட்ட சின்ன பாட்டில் ஒன்று இருந்தது. அதிலிருக்கும் சாயம் மருந்தையே பிடித்துக் காட்டும். அணுவின் மேல் மருந்து உட்கார்ந்திருந்தால் சிவப்பாக ஒளிரும், இல்லையென்றால் ஒளிராது. உறை பிரிக்கிற வரை யாரும் தொடக்கூடாது என்று பெரியவர் எழுதி ஒட்டியிருந்தார். ஆனால் குளிர்பெட்டிக்குப் பூட்டு கிடையாது. மிச்சம் ரத்தம் மேஜை மேல் இருந்தது. மதிய சாப்பாட்டு நேரம், ஆய்வகத்தில் ஈ காக்கை இல்லை. அவள் பெட்டியைத் திறந்தாள். பாட்டிலைக் கையில் எடுத்தாள். குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்க அப்படியே நின்றாள். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினாள். விதி என்றால் விதிதானே என்று சொல்லிக்கொண்டாள். படிவத்தில் பொய்யாகக் குறி போட்டவளுக்கு அந்த நிமிஷத்தில் விதி மேல் எங்கிருந்தோ ஒரு மரியாதை வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டில் சொன்னாள். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னாள். தம்பிக்கு ஏறுவது நிஜ மருந்து, தன் கண்ணாலேயே பார்த்தாயிற்று, பதினான்கு இரண்டாகிவிட்டது, இப்போது போய் சோதனையை விட்டு விலகினால் கைக்கு வந்த மருந்தைக் கீழே கொட்டின மாதிரி என்றாள். அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். ஆனந்தத்தில் அழுதாள். "என் வயித்துல பாலை வார்த்தடி" என்றாள். தம்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"நிச்சயமாத் தெரியுமாக்கா?"

"பதினாறு வருஷமா இதைத்தான்டா பாக்கறேன்."

அவன் அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாள் போய் ஈரல் டாக்டரிடம், அக்காவின் ஈரலும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம், ஊசியோடு பொறுத்துப் பார்க்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தான். டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். இவன் சிரித்துக்கொண்டே வந்துவிட்டான். லேபில் அக்கா இருக்கிறாள் என்ற தெம்பு.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் வீடு வீடாக இருந்தது. தம்பிக்கு ராத்திரியெல்லாம் இருந்த அரிப்புக் குறைந்தது என்று அவனே சொன்னான். நம்பிக்கை இருந்தால் அரிப்புக்கூடக் குறையும் போலிருக்கிறது. நாலாவது மாசம் இரண்டு, ஐந்தாவது மாசம் இரண்டு. ஒவ்வொரு தடவையும் அவள் இரண்டு என்று சொல்ல, அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். எட்டாவது மாசம் கண் மஞ்சளாயிற்று. பிறகு குளிர்க்காய்ச்சல். பிறகு பேன்ட் இடுப்பில் நிற்காமல் நழுவியது. மருந்து வேலை செய்யும்போது இப்படியெல்லாம் வரும் என்று அக்கா அடித்துச் சொன்னாள். ஒன்பதாவது மாசம் வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்தான். நல்லவேளை, குழிக்குள் இல்லை, தரையில்தான் விழுந்தான். தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார்கள். பித்தக் குழாயில் புற்று, ஈரலைத் தாண்டி வெளியே போயிருந்தது.

சாயக்காரி டாக்டரின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்து, தன்னை உடனே அறுத்து எடுத்துக்கொள்ளச் சொன்னாள். பாதி வேண்டாம், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். பயம் போன இடம் தெரியவில்லை. பாழாய்ப்போன பயம், ஆறு மாசம் முன்னால் போய்த் தொலைந்திருக்கக் கூடாதா? டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புற்று வெளியே போனபிறகு புது ஈரல் வைத்தால் அதையும் தின்றுவிடும், அறுப்பதில் அர்த்தமில்லை என்று பொறுமையாகவே சொன்னார். அன்றைக்கே ஒத்துக்கொண்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சோதனையிலிருந்து விலகுகிறவர்களின் ஈரலில் ஊசியால் ஒரு துணுக்கு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கம். தம்பியின் துணுக்கு இரண்டு நாள் கழித்து அவள் மேஜைக்கு வந்தது. எண்ணைப் பார்த்ததும் தெரிந்தது. இரண்டு சாயமும் போடு, இந்த ஆளுக்கு உறையைப் பிரிக்கப் போகிறார்கள் என்று பெரியவர் சொல்லிவிட்டார். அவள் போட்டாள். கண்ணாடிச் சில்லை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தாள்.

பச்சை. எங்கே பார்த்தாலும் பச்சை. ரத்தத்தில் காணாமல் போன அத்தனை அணுவும் அங்கே இருந்தது. செத்துப்போன பித்தக் குழாய்களைச் சுற்றி வரிசை வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தது. சிவப்பு ஒரு புள்ளிகூட இல்லை. பெரியவர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, பதினாறு வருஷத்தில் இவ்வளவு தெளிவான ஒரு சில்லைப் பார்த்ததில்லை என்று குதித்தார். ஏற்பி இருக்கிற அணு ரத்தத்தை விட்டு ஈரலுக்குப் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது, அடுத்த மாநாட்டில் முதல் படமே இதுதான் என்றார். நன்றாகப் படம் எடுத்து வை என்றார். அவள் எடுத்து வைத்தாள். பதினோரு படம்.

உறை பிரித்த கடிதம் நேராக நோயாளிக்குத்தான் போகும். மறுநாள் மதியம் அவள் ஆஸ்பத்திரி அறைக்குள் போனபோது, அது தம்பியின் வயிற்றுப் போர்வைமேல் கிடந்தது. அம்மா மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள். அவன் தோலெல்லாம் மஞ்சளடித்து, கன்னம் ஒட்டிப்போய், கண் மட்டும் பழைய கண்ணாக இருந்தான்.

"உப்புத்தண்ணியாம்" என்றான். "ஒன்பது ஊசியும்."

அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்தாள். அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனோ ரிப்பேருக்கு வந்த மெஷினைப் பார்க்கிற மாதிரி அவளைப் பார்த்து, மருந்து என்று எப்படிக் கண்டுபிடித்தாய், எனக்குப் புரிகிற மாதிரி முதலிலிருந்து சொல் என்றான். அவள் சொன்னாள். ஏற்பி, பச்சைச் சாயம், பதினான்கு, ஒன்பது, இரண்டு. அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்ப ரத்தத்துல அது காணோம்னா ரெண்டு காரணம் இருக்கலாம். மருந்து மறைச்சிருக்கலாம். இல்ல, அது ஈரலுக்குள்ள போயிருக்கலாம்."

"ஆமா."

"ரெண்டுல எதுன்னு பாக்க வழி இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தெரியவா போகிறது? ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு அவளால் சொல்ல முடியவில்லை.

"இருந்துச்சு."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரைமணி."

அவன் தலையணையில் சாய்ந்து கூரையைப் பார்த்தான். வராண்டாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள்.

"அறுக்கறதுக்குப் பயந்துட்ட."

அவள் தலையாட்டினாள்.

"பயமா இருக்கு, மாட்டேன்னு சொல்லியிருந்தா நான் பட்டியல்ல பேர் போட்டிருப்பேன்க்கா. உன்கிட்ட நான் கேக்கவே இல்லையே."

கேட்கவில்லைதான். யாரும் கேட்கவில்லை. மாட்டேன் என்ற ஒரு வார்த்தை, அதைச் சொல்லியிருந்தால் அவன் இந்நேரம் புது ஈரலோடு இருந்திருக்கலாம். அவள் வயிற்றிலும் ஒரு கீறல் விழுந்திருக்காது. கெட்டவள் என்று பேர் வாங்கியிருப்பாள், அவ்வளவுதான். அந்தப் பேருக்குப் பயந்து மருந்து ஏறுகிறது என்று சொல்லி இவனை இங்கே கொண்டுவந்து படுக்க வைத்திருக்கிறாள். அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வெடித்து வந்தது.

"அம்மாகிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிடறேன்டா. இப்பவே சொல்லிடறேன்."

"சொல்லாத."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா மனசு உடைந்துவிடும் என்று நினைக்கிறான், சாகிற நேரத்திலும் அம்மாவைப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. இளையவனாக இருந்தாலும் எவ்வளவு பெரிய மனசு என்று ஒரு நிமிஷம் நெஞ்சு நிறைந்துகூடப் போயிற்று. அவன் காலை அவள் கையிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டான்.

"நீ சொன்னா அம்மா உன்னை அடிப்பாங்க. காறித் துப்புவாங்க. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் முகத்துல முழிக்க மாட்டாங்க. அப்புறம் பெத்த மனசு, மன்னிச்சிடுவாங்க. அது உனக்குக் கிடைக்கக் கூடாது."

கதவு திறந்தது. அம்மா மருந்துப் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பின்னாலேயே ஊசி மாற்ற நர்ஸும் வந்தாள். அழுது வீங்கிய மகளின் முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கும் கண் கலங்கிவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு, இவள் என் பெரிய பெண், மேலே லேபில்தான் இருக்கிறாள், இவள் மட்டும் இல்லையென்றால் இத்தனை நாள் என் பிள்ளையை யார் இப்படிக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்திருப்பார்கள் என்று நர்ஸிடம் சொன்னாள்.

"ஆமாம்மா, எல்லாம் அக்காதான் பாத்தா" என்று தம்பி சொல்லிவிட்டு, ஊசிக்குக் கையை நீட்டினான்.

அம்மா மகளின் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துத் தடவிக் கொடுக்க ஆரம்பித்தாள். சாயக்காரி தலையைக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தாள்.